ஏசி ஓடுகிறது, காற்று எங்கே? – மூடிய அறையும் ஃப்ளூவும்: கேள்வி பதில்

வணக்கம். கட்டிடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைப்பது 18 வருடமாக என் வேலை, அதில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிகள். நான் டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டால் விடிய விடியப் பேசுவேன்.

கேள்வி: இருமும்போது தெறிக்கும் எச்சிலால்தானே ஃப்ளூ பரவும்? ஆறடி தள்ளி உட்கார்ந்தால் போதாதா?

காலையில் ஜன்னல் வழியாக வெயில் கீற்றாக விழும்போது அதில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசியே இறங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூச்சில் வரும் துகள் அதைவிடச் சின்னது. 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 5 நொடியில் தரைக்கு வந்துவிடும். அதே 5 மைக்ரான் என்றால் அசையாத காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 1 மைக்ரான் என்றால் 12 மணி நேரம். அறையில் அசையாத காற்று என்று ஒன்று கிடையவே கிடையாது, அதனால் நிஜத்தில் அவை விழுவதைவிட மிதந்து திரிவதுதான் அதிகம். துளி காய்ந்து சுருங்கி மிதக்கும் என்பதை வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1934லேயே எழுதிவிட்டார்.

சரி, அந்தச் சின்னத் துகளில் உயிருள்ள வைரஸ் இருக்கிறதா? 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் ஃப்ளூ வந்தவர்களை ஒரு கூம்புக்குள் அரை மணி நேரம் மூச்சுவிட வைத்துச் சேகரித்தார்கள். நுண்துகள் மாதிரிகளில் 39 சதவீதத்தில் தொற்றக்கூடிய வைரஸ் இருந்தது. இருமவே இருமாத நேரத்தில் எடுத்த மாதிரிகள் சிலவற்றிலும் இருந்தது. பக்கத்தில் இருந்தால் ஆபத்து கூடுதல்தான், அதை மறுக்கவில்லை, சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆனால் மூடிய அறையில் கொஞ்ச நேரம் போனால் கடைசி வரிசைக்கும் அந்த வாடை வந்துவிடும் இல்லையா, அதேதான்.

கேள்வி: எங்கள் ஆபீஸில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. அதனால் காற்று சுத்தமாகத்தானே இருக்கும்?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப ஊதுகிறது. முன்னால் இருக்கும் வலை தூசிக்கானது. பெரிய கட்டிடங்களில் சென்ட்ரல் ஏசி என்றால் வெளிக்காற்றுக்குத் தனி வழி இருக்கும், இருக்க வேண்டும். அது திறந்திருக்கிறதா என்பது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

கேள்வி: நான் ஆசிரியை. 40 பிள்ளைகள், ஜன்னல் ஒரே பக்கம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரமே பாதி வகுப்பு காலி. என்ன செய்யலாம்?

டீச்சர், உங்கள் கேள்விக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் காசு செலவில்லாதது. ஜன்னல் ஒரே பக்கம் என்றால் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். காற்றுக்கு வாசல் இரண்டு வேண்டும், ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியேற. ஒரு டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து கதவு இடுக்கில் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. சாயவே இல்லை என்றால் ஜன்னல் திறந்திருப்பது வெறும் அலங்காரம். மேலே வென்டிலேட்டர் இருந்து, அதை யாரோ பெயின்ட் அடித்து ஒட்டவைத்திருந்தால் பெயர்த்துத் திறக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே போகும், அதற்காக வைத்ததுதான் அது.

அடுத்தது இயந்திரம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன இலக்கு, ஒரு மணி நேரத்தில் அறையின் கொள்ளளவைப் போல் குறைந்தது 5 மடங்கு சுத்தக் காற்று. உங்கள் வகுப்பு 8க்கு 7 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 168 கன மீட்டர். ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 840. ஏர் பியூரிஃபையர் பெட்டியில் 'சிஏடிஆர்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது அது, அந்த எண்களைக் கூட்டி 840 வர வேண்டும். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அந்த எண் முழு வேகத்துக்கானது. முழு வேகத்தில் அது போடும் சத்தத்தில் நீங்கள் பாடம் நடத்த முடியாது, இரண்டாம் நாளே ஆஃப் செய்துவிடுவீர்கள், செய்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பெரியதாக ஒன்று வாங்கி அலறவிடுவதைவிட, மூன்று நான்கு வாங்கி மெதுவான வேகத்தில் ஓட விடுங்கள்.

பட்ஜெட் இல்லையா? சதுர ஃபேன் ஒன்று, மெர்வ் 13 தர (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) வடிகட்டி நான்கு, ஒட்டுவதற்கு டேப், அடியில் ஒரு அட்டை. கோர்சி–ரோசன்தால் பெட்டி என்று பெயர், 2020இல் வந்தது. பார்க்கப் பள்ளிக்கூட புராஜெக்ட் மாதிரி இருக்கும், பல விலையுயர்ந்த மெஷின்களுக்குச் சளைக்காது. பிள்ளைகளை வைத்தே செய்யலாம்.

கேள்வி: அயனியாக்கி உள்ள மெஷின் நல்லதா? வைரஸைக் காற்றிலேயே கொல்லும் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். பிளாஸ்மா, அயனி, 'ஆக்டிவ் ஆக்சிஜன்' என்று எந்தப் பெயரில் வந்தாலும் வாங்காதீர்கள். பல மெஷின்கள் ஓசோனைக் கக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சுத்தமாக ஆகாது. ஃபேன், நல்ல வடிகட்டி, அவ்வளவுதான் தேவை.

கேள்வி: 0.1 மைக்ரான் வைரஸை, 0.3 மைக்ரானுக்கான ஹெப்பா வடிகட்டி எப்படிப் பிடிக்கும்?

நல்ல கேள்வி, ஆனால் ஹெப்பா சல்லடை இல்லை. 0.3 என்பது அது பிடிக்கத் திணறும் அளவு, அங்கேயே 99.97 சதவீதம் பிடிக்கிறது. அதைவிடச் சின்னது காற்று மூலக்கூறுகளால் இடிபட்டுத் தாறுமாறாக அலைந்து இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு வைரஸ் தனியாகவும் வருவதில்லை, சளி, உப்பு, புரதத்தோடு பெரிய துகளில் சவாரி செய்கிறது.

கேள்வி: ஏசியில் 'ஃபேன் மோட்' போட்டால் ஃபிரெஷ் ஏர் வருமா?

வராது. மேலே சொன்னதுதான்.

கேள்வி: இதெல்லாம் பயமுறுத்தல். வேண்டுமென்றே ஃப்ளூ தொற்ற வைக்கப்பட்டவர்களையும் ஆரோக்கியமானவர்களையும் ஒரே அறையில் நாள்கணக்கில் அடைத்து வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 75 பேரில் ஒருவருக்குத்தான் தொற்றியது. காற்றில் பரவுகிறது என்றால் எப்படி?

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். 2020இல் வெளியான அந்த ஆய்வு உண்மைதான், எண்ணும் சரி. நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். தொற்ற வைக்கப்பட்டவர்களுக்கு மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுத்தான் நோயைக் கொடுத்தார்கள். அப்படி வருவது பெரும்பாலும் லேசான காய்ச்சல், அவர்கள் காற்றில் விட்ட வைரஸும் இயல்பாக நோய் வந்தவர்களைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், அதற்கு முன் நடந்த சிறிய சோதனையில் தொற்றியவர்கள் கணிசம், பெரிய ஆய்வு நடந்த கட்டிடத்திலோ இயந்திரக் காற்றோட்டம் நன்றாக இருந்தது. ஆய்வாளர்களே இதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் உங்கள் ஆய்வு என் கட்சி.

அதே நண்பர்: இது சமாளிப்பு. காற்றில் பரவவில்லை, தொட்டுத்தான் பரவுகிறது என்றும் சொல்லலாமே?

சொல்ல முடியாது நண்பரே. 75 பேரில் ஒரு பகுதியினர் முகக் கேடயம் போட்டு, அடிக்கடி கை சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை, அவர்கள் தொடவும் தொட்டார்கள். தொட்டால்தான் பரவும் என்றால் அவர்களில் பலருக்கு வந்திருக்க வேண்டும், வந்தது ஒருவருக்கு. அந்த ஒருவரை வைத்து வழி எது என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இன்னொருவர்: அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கதவுக் கைப்பிடியில் வைரஸ் இரண்டு நாள் இருக்கும் என்று படித்தேனே?

ஸ்டீல், பிளாஸ்டிக் மேல் 24 முதல் 48 மணி நேரம் இருக்கும், 1982 ஆய்வு. அதே ஆய்வில் கைக்கு வந்தபின் சுமார் 5 நிமிடம்தான் தாக்குப்பிடித்தது, அதை மட்டும் ஏனோ யாரும் படிப்பதில்லை. கை கழுவுங்கள், நல்லது, நான் தடுக்கவில்லை. ஆனால் 1966இல் தன்னார்வலர்களிடம் செய்த சோதனையில், மூக்கில் சொட்டாக விட்டபோது தேவைப்பட்டதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு வைரஸே நுண்துகளாக உள்ளிழுத்தபோது தொற்றப் போதுமானதாக இருந்தது.

அதே நண்பர்: ஆய்வகம் வேண்டாம், நிஜ வாழ்க்கையில் ஆதாரம் காட்டுங்கள்.

இரண்டு காட்டுகிறேன், அதற்குப் பிறகு மற்றவர்களையும் கவனிக்க வேண்டும்.

1977, அலாஸ்கா. 54 பேர் இருந்த விமானம், எஞ்சின் கோளாறு, தரையிலேயே நிற்கிறது. சுமார் மூன்று மணி நேரம் காற்றோட்டம் ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளுக்குள் 72 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், உள்ளே அதிக நேரம் இருந்தவர்களுக்கு அதிகம். எல்லாரும் ஒரே கைப்பிடியைத் தொட்டார்களா?

இரண்டாவது 1957–58 பெருந்தொற்று, கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஆஸ்பத்திரி. ஒரு பகுதியில் அறையின் மேல்பாகத்துக் காற்றில் மட்டும் படும்படி புற ஊதா விளக்கு, மற்றதில் இல்லை. விளக்கு இருந்த இடத்தில் 2 சதவீதம் பேருக்கு ஃப்ளூ, இல்லாத இடத்தில் 19. அந்த விளக்கு யாருடைய கையையும் கழுவவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு புற ஊதா விளக்கு வாங்கித் தலைக்கு மேல் மாட்டாதீர்கள், கண்ணும் தோலும் போய்விடும், அது வடிவமைப்பவர் வேலை.

கேள்வி: ஏசி ஃபில்டரை வாராவாரம் கழுவுகிறேன். போதுமா?

ஏசி நன்றாகக் குளிரும்.

கேள்வி: வீட்டில் மாமியாருக்கு ஃப்ளூ, வயது 78. நான்தான் பார்த்துக்கொள்கிறேன், சின்னக் குழந்தையும் இருக்கிறது. ஒரே வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

அம்மா, அந்த வயதுக்கு இன்றே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஃப்ளூ மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் என்பார்கள், அது அவர்கள் துறை. என் துறைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் தொற்றுநோயாளி அறைக்கு என்ன செய்வோமோ அதன் சின்ன வடிவத்தை நீங்கள் செய்யலாம். அந்த அறையின் காற்று வீட்டுக்குள் வரக்கூடாது, வீட்டின் காற்று அந்த அறைக்குள் போய் ஜன்னல் வழியே வெளியேற வேண்டும். அவர்கள் அறை ஜன்னலில் ஒரு ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடையுங்கள். அறைக் கதவைச் சாத்துங்கள். கூடத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இப்போது கதவின் அடியில் டிஷ்யூவைப் பிடியுங்கள், அது அறைக்குள் இழுபட வேண்டும். இழுபட்டால் உங்கள் குழந்தை இருக்கும் பக்கம் காற்று வரவில்லை. கூடத்து ஜன்னலை மூடினால் சமையலறை, பாத்ரூம் எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம் இழுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும், அதைக் கவனியுங்கள். உள்ளே போகும்போது என்95 முகக்கவசம், மூக்கோரம் இடைவெளி இல்லாமல். அவர்களுக்குக் குளிராமல் போர்த்திவிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது போடலாம்?

டாக்டர்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினேன். 2,000 பிபிஎம் காட்டுகிறது. என்ன அர்த்தம்?

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வெளிக்காற்றில் சுமார் 420, நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. கணக்குப் போட்டால் 2,000 என்பது, நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு 25 மூச்சிலும் ஒன்று இன்னொருவர் நுரையீரலிலிருந்து வந்தது. 800க்குக் கீழே வைக்கப் பாருங்கள். பியூரிஃபையர் போட்டால் வைரஸ் குறையும், இந்த எண் குறையாது, மெஷின் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு கூட்ட அறையில் 11 பேர் உட்கார்ந்து அரை மணியில் 650இலிருந்து 2,000 ஏறியதை நான் பார்த்தேன். சென்ட்ரல் ஏசி, வெளிக்காற்றுக் குழாய் வரைபடத்தில் கச்சிதமாக இருக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் கூரையில் காற்று வரும் வலைமேல் ஒரு அட்டையை வைத்து, நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். கீழே உட்காருபவருக்குக் குளிர்ந்ததாம். மூன்று வருடமாக.

கேள்வி: பிளாஸ்மா டெக்னாலஜி பியூரிஃபையர் ஆஃபரில்...

வேண்டாம்.

கேள்வி: சீலிங் ஃபேன் போட்டால் வைரஸ் போய்விடுமா?

போகாது, கலக்கும். ஜன்னல் திறந்திருந்தால் உதவி, மூடியிருந்தால் ஒருவர் மூச்சை எல்லாருக்கும் பங்கிடுகிறது.

கேள்வி: ஏசி...

மேலே இரண்டாவது கேள்வி. தயவுசெய்து.

கேள்வி: நீங்கள் சொன்ன டிஷ்யூவை பாத்ரூம் எக்ஸாஸ்ட் முன்னால் பிடித்தேன். ஃபேன் சத்தமாக ஓடுகிறது, பேப்பர் அசையவே இல்லை. ஃபேன் கெட்டுவிட்டதா?

கதவைச் சாத்திக்கொண்டா பிடித்தீர்கள்? கதவை ஒரு விரல் அளவு திறந்துவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள்.

அவரே: திறந்ததும் பேப்பர் போய் வலையில் ஒட்டிக்கொண்டது!

அப்போ ஃபேன் நன்றாக இருக்கிறது, உள்ளே வரத்தான் வழியில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியில் ஒரு விரல் அளவு இழைக்கச் சொல்லுங்கள். அப்படியே ஃபேன் இறக்கையில் இருக்கும் தூசியையும் துடைத்துவிடுங்கள்.