உடல்பருமனை ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள்: என்ன படிக்க வைப்பது?

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ பயோ-மேத்ஸ் முடித்திருக்கிறாள். நீட் மார்க் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்கிறார் அப்பா. மகளோ டாக்டராக வேண்டாம் என்கிறாள். உடல்பருமன் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது, அப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிகளில் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று ஆராயப் போகிறாளாம். “ஸ்கூலில் குண்டு என்று கிண்டல் செய்தார்கள். அந்த ரோஷத்தில் பேசுகிறாளா? இப்படி ஒரு வேலை உண்டா? சோறு போடுமா?” என்று கேட்கிறார்.

உண்டு அம்மா. சோறும் போடும், இலை போடத்தான் கொஞ்சம் நேரமாகும். ரோஷத்தில் தொடங்கினால் என்ன தப்பு? எப்படித் தொடங்கினாள் என்பதை விடுங்கள். அந்த வேலையின் அன்றாடம் அவளுக்குப் பிடிக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது என்ன வேலை என்று நீங்களும் தெரிந்து வைத்துக்கொண்டால் வீட்டில் பேசச் சுலபமாக இருக்கும்.

1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன் லெப்டின். மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், உறவுக்காரக் குழந்தைகள் இருவருக்கு இந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று தெரிந்தது. பெரியவளுக்கு 8 வயதில் 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் பசி அடங்கி, ஒரு வருஷத்தில் சுமார் 16 கிலோ குறைந்தாள். அதுவரை அந்தப் பெண்ணையும் அவளைப் பெற்றவர்களையும் ஊர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்படி ஒரே மரபணுவால் வருவது மிக அபூர்வம். நம் வீடுகளில் பார்ப்பது வேறு வகை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடையைக் கூட்டுகின்றன. 2007-இல் பிடிபட்ட எஃப்டிஓ மரபணுவை எடுத்துக்கொண்டால், எடை கூட்டும் வடிவம் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தவர்கள், யாரிடமிருந்தும் வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். அவ்வளவுதான். (இதை வைத்துக்கொண்டு “உங்கள் ஜீனுக்கேற்ற டயட்” என்று காசு வாங்குபவர்களிடம் ஜாக்கிரதை.)

இன்னொரு விஷயம், அந்த எஃப்டிஓ ஆய்வு ஐரோப்பியர்களிடம் நடந்தது. நம் உடம்பு வேறு மாதிரி. ஒல்லியான கை கால், முன்னால் தொப்பை, நாற்பது வயதுக்குள் சுகர் என்று எத்தனை பேரைப் பார்க்கிறோம். அதனால்தான் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) அங்கே 25 தொட்டால் அதிக எடை, 30 தொட்டால் பருமன் என்று வைத்திருக்கும் வரம்புகளை நம்மவர்களுக்கு 23, 25 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே உள்ளவர்களை வைத்து இங்கேதான் ஆராய வேண்டும். அதற்குச் சென்னை தோதான ஊர். கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-இல் சென்னைவாசிகள் 26,001 பேரை வைத்து ஆரம்பித்த ஆய்விலிருந்து இன்றுவரை கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா தரவும் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உங்கள் மகள் இந்தத் துறைக்குள் நுழையும்போது தரவு குவிந்து கிடக்கும், அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சமாக இருக்கும்.

அடுத்து ஆஸ்பத்திரிப் பக்கம். தரம் என்றதும் நமக்கு ஏசியும் மார்பிள் தரையும்தான் ஞாபகம் வரும். ஆராய்ச்சியாளர் பார்ப்பது பிபி பார்க்கும் பட்டையை. பல வார்டுகளில் ஒரே அளவுப் பட்டைதான் இருக்கும். கை பருமனாக இருந்தால் அது சரியாகச் சுற்றி வராது. காற்று ஏற ஏற வெல்க்ரோ பிய்த்துக்கொள்ளும், நர்ஸ் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே அளப்பார். சின்னப் பட்டையில் அளந்தால் பிபி உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இல்லாத வியாதிக்கு மாத்திரை ஆரம்பமாகிவிடும். சிசேரியனுக்கு முன்னால் போடும் ஆன்டிபயாட்டிக்கையும் பாருங்கள். வழக்கமாக 2 கிராம் போடும் செஃபசோலினை, 120 கிலோவும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு 3 கிராமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் கேஸ் ஷீட்டில் எடை எழுதப்பட்டிருக்கிறதா? மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, எத்தனையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று எண்ணுவதும் ஆராய்ச்சிதான். பளபளப்பே இல்லாத வேலை, ஆனால் மறுநாளே ஒரு நோயாளிக்குப் பயன்படும்.

இந்த வகை ஆராய்ச்சியில் சென்னைக்குப் பழைய பேர் உண்டு. காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்திருந்த காலத்தில், 1956-இல் இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகவே குணமானார்கள் என்று 1959-இல் முடிவு வந்தது. உலகமே காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் விதம் அதற்குப் பிறகு மாறியது. அதை நடத்திய நிலையம்தான் இன்றைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் அம்பத்தூருக்குப் பக்கத்தில் அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. அது ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப் பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் சேர்த்து 1999-இல் உருவானது.

மருத்துவத்துக்கென்றே ஒரு புள்ளியியல் நிறுவனம் இருந்திருக்கிறது, பார்த்தீர்களா? நான் சொல்ல வருவது அதைத்தான். மரபணுவானாலும் ஆஸ்பத்திரித் தரமானாலும் இந்தத் துறையில் ஆளைத் தூக்கி நிறுத்துவது கணக்கு. லேபில் திரவத்தை அளந்து எடுக்கும் பைபெட்டைப் பிடிக்க ஆறு மாதத்தில் பழகிவிடலாம். பத்தாயிரம் பேரின் தரவிலிருந்து நிஜம் எது, தற்செயல் எது என்று பிரிக்க வருஷங்கள் ஆகும். உயிரியல் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் வந்தவர்கள். உங்கள் மகளிடம் பயோ-மேத்ஸ் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள்.

அப்பா சொல்லும் கோச்சிங்குக்கு வருகிறேன். நோயாளிக்கு நேரடியாக வைத்தியம் பார்க்க ஆசை என்றால் எம்பிபிஎஸ்தான் வழி, ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை. ஆராய்ச்சிக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். உடல்பருமன் மரபியலில் உலகம் அறிந்த கேம்பிரிட்ஜ்காரர் ஜைல்ஸ் யோ மருத்துவம் படித்தவர் இல்லை. அதே ஊரில் அதே துறையில் பெயர் பெற்ற ஸ்டீஃபன் ஓராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் மருத்துவர்கள். இரண்டு வாசலும் திறந்துதான் இருக்கிறது.

படிப்புக்கு என் முதல் தேர்வு, நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி அல்லது பயோடெக்னாலஜி, கூடவே ஐஐடி மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். இரண்டையும் சேர்த்துப் படிக்க யுஜிசி 2022-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஐஐடி படிப்பில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சுமை அதிகம்தான். முதல் வருஷம் திணறினால் ஐஐடி பாடங்களைக் குறைத்து எடுக்கட்டும். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு எழுதியிருந்தால், ஐஐடி மெட்ராஸின் மருத்துவ அறிவியல் துறையில் நடக்கும் நான்கு வருட பி.எஸ்.ஸுக்கும் முயலலாம், ஆனால் அங்கே போட்டி கடுமை. கணக்கு நிஜமாகவே பிடிக்கும் என்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பி.எஸ்சி. எடுத்து, பிறகு மருத்துவப் புள்ளியியலான பயோஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குப் போகலாம். அது பலர் கண்ணில் படாத வழி. எம்.எஸ்சி.க்குத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே மரபியல் துறையும் நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன்களைப் படிப்பது) துறையும் ஒரே வளாகத்தில்.

இனி பணம். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து என்று வைத்தால் 27, 28 வயது ஆகிவிடும். சிஎஸ்ஐஆர், ஐசிஎம்ஆர், டிபிடி போன்ற மத்திய அரசு அமைப்புகள் தரும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வு ஒன்றில் தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அந்தத் தேர்வில் தேறாமல் பிஎச்.டி. சேர்வதை நான் ஊக்குவிப்பதில்லை. உதவித்தொகை வருமா வராதா என்று மாதா மாதம் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிஎச்.டி.க்குப் பிறகும் அரசு விஞ்ஞானி பணியிடங்கள் குறைவு, பலர் சில வருஷம் வெளிநாடு போய் வருகிறார்கள். “கல்யாணம் எப்போ?” என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எம்.எஸ்சி.யோடு போதும் என்று அவள் நினைத்தாலும் தெருவில் நிற்க மாட்டாள். தரத்துக்கான என்ஏபிஎச் அங்கீகாரம் வாங்கும் ஆஸ்பத்திரிகள் தணிக்கை, தொற்றுக் கட்டுப்பாடு, மருந்துப் பிழைக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்கத் தரப் பிரிவு வைத்திருக்கின்றன. மருந்துச் சோதனைத் தரவைக் கையாளும் கம்பெனிகளும் சென்னையில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் முதலில் பார்ப்பது தரவைக் கையாளத் தெரியுமா என்பதைத்தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. தேசியக் குடும்பநல ஆய்வின் தமிழ்நாட்டு அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன், 2019-21-இல் அது 40.4. ஐந்தே வருஷத்தில் யாருக்கும் மரபணு மாறாது. அப்படியானால் மாறியது எது, அதே தெருவில் அதே சாப்பாட்டில் ஒருத்திக்கு ஏறுவது இன்னொருத்திக்கு ஏன் ஏறவில்லை? அவளே மாவட்டம் மாவட்டமாக எண்களை எடுத்து எழுதிப் பார்க்கட்டும். இரண்டு நாளில் சலித்துப்போனால் அதையும் திட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் அட்மிஷன் வேலையைத் தொடங்குங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அலுவலகக் கவுண்டரோடு திரும்பிவிடாதீர்கள். துறைக்குள் போய் இறுதியாண்டு மாணவிகளிடம், ப்ராஜெக்டை எங்கே செய்தார்கள் என்று கேட்க வேண்டும். வெளியே ஏதோ பயிற்சி லேபில் பணம் கட்டி வாங்கி வந்தோம் என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை யார் எடுக்கிறார், கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறார்களா, நோட்டோடு சரியா என்பது அடுத்த கேள்வி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும்.