மலைக்குளிரில் வண்ண மீன்கள்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வண்ண மீன் வளர்ப்பு குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். சமவெளிக் கடைகளில் சொல்லப்படும் யோசனைகள் மலையில் அப்படியே பொருந்துவதில்லை. எனவே சில பதில்கள் சற்று நீண்டுவிட்டன.

கேள்வி: பிள்ளைகளுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கவிருக்கிறோம். ஏஞ்சலும் நியான் டெட்ராவும் வேண்டும் என்கிறார்கள். என்னென்ன வாங்க வேண்டும்? ஹீட்டர் போட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகுமா?
– வாசகி, உதகை

பதில்: முதலில் ஒரு தெர்மோமீட்டர் வாங்குங்கள். தொட்டி வைக்கப்போகும் அறையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, அதில் தெர்மோமீட்டரைப் போட்டு, சில நாள் விடியற்காலையில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் உதகையில் பல வீடுகளின் அறைத் தண்ணீர் 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடும். வெப்ப மண்டல மீன்கள் கேட்பது 24 டிகிரியை ஒட்டிய வெப்பம். இந்த 12 டிகிரி இடைவெளியை நிரப்புவதுதான் உங்கள் செலவில் பெரும்பகுதி.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் சமவெளிக் கடைக்காரர் 50 வாட் ஹீட்டரைக் கொடுத்துவிடுவார். அறையின் வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரி உயர்த்தினால் போதும் என்ற ஊர்களுக்கு அந்தக் கணக்கு சரி, உதகைக்குப் போதாது. மொத்தம் 150 வாட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே ஹீட்டராக வாங்காமல் 75 வாட்டில் இரண்டாக வாங்குவதே நல்லது. ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றொன்று தண்ணீரை அடியோடு குளிரவிடாது; ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதனால் மட்டும் மீன் வெந்துபோகும் அளவுக்குத் தண்ணீர் சூடாகாது.

வாங்கி வந்த ஹீட்டரை நேரே தொட்டியில் மாட்ட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் முழுகும்படி வைத்து, 25 டிகிரிக்குத் திருகி, அதன் சிறு விளக்கு எப்போது அணைகிறது, அப்போது தெர்மோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். திருகில் உள்ள எண்ணுக்கும் தண்ணீரின் உண்மையான வெப்பத்துக்கும் ஓரிரு டிகிரி வேறுபாடு இருப்பது வழக்கம். தண்ணீர் மாற்றும்போது சுவிட்சை முதலில் அணைத்துவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் விரிசல் விட்டுவிடும். ஒயர் பிளக்கை அடையும் முன் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விட்டால், ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மின்சாரக் கணக்கு எளிது. 150 வாட் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 1.5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை மீன் தொட்டியே எடுத்துக்கொள்ளும். தொட்டியின் பின்புறம், இருபக்கம், அடிப்பகுதி ஆகியவற்றில் ஓரங்குலத் தெர்மாகோல் பதித்து, மேலே கண்ணாடி மூடி போட்டுவிட்டால் இந்தச் செலவு கண்கூடாகக் குறையும். மூடியில்லாத தொட்டி நீராவியாகவே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

ஏர் பம்பை வாங்காமல் விடாதீர்கள். உதகை இருக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. 25 டிகிரியில் உள்ள நீர் சென்னையில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், உதகையில் 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். ஆகவே கடைக்காரர் பதினைந்து மீன் விடலாம் என்றால் நீங்கள் பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று இருந்தால், தண்ணீரைச் சுத்தம் செய்வதும் காற்றைக் கலப்பதும் ஒருசேர நடக்கும்.

மீன்களைப் பொறுத்தவரை, ஏஞ்சலையும் நியானையும் சேர்த்து விட வேண்டாம். வளர்ந்த ஏஞ்சல் நியானை விழுங்கிவிடும். அதன் துடுப்பு விரிய ஓரடி உயரமும் போதாது. நியான் டெட்ரா மட்டும் எட்டோ பத்தோ விடுங்கள். அமேசான் காடுகளின் மென்னீரிலிருந்து, அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரிலிருந்து, வந்த அந்த மீனுக்கு மலை நீர் ஒத்துப்போகும். 23 டிகிரியே போதும் என்பதால் ஹீட்டரின் வேலையும் குறையும்.

கேள்வி: தொட்டி வாங்கிய அன்றே குழாய் நீர் நிரப்பி, குளோரினைப் போக்கும் மருந்தும் விட்டு, 12 கப்பி மீன்கள் விட்டேன். நான்காம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்தன. கடையில் நோய்வாய்ப்பட்ட மீனைக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், குன்னூர்

பதில்: கடைக்காரர்மேல் பழி போடுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நீங்கள் விட்ட மருந்து, பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், குளோரினை மட்டுமே போக்கும். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற 25 டிகிரி வெப்பத்திலேயே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். நான்காம் நாளில் தொடங்கிய சாவுக்கு இதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் அன்றே உங்கள் ஃபில்டரில் வைத்துவிட்டால் இந்தக் காத்திருப்பு பெரிதும் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அலங்காரப் பொம்மைகளுக்குச் செலவிடும் பணத்தைவிட இதற்குச் செலவிடும் பணம் மீன்களைக் காப்பாற்றும். முதல் தடவை மூன்று நான்கு மீன்களுக்கு மேல் விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீரை விரும்புபவை. குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணைபோல் மழையில் நிரம்பும் மலை நீர்நிலைகளின் நீரில் அந்தச் சத்து குறைவு. அத்தகைய நீர் நாளடைவில் புளிப்பேறி, பாக்டீரியாக்களின் வேலையையும் மந்தமாக்கும். கழுவிய கிளிஞ்சல்களை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டர் அருகே போட்டுவைத்தால் அது மெல்லக் கரைந்து நீரைச் சரிசெய்யும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் போட்டுவிட வேண்டாம். ஒரே நாளில் மீன்கள் மாண்டுவிடும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாயிலிருந்து வரும் நீர் சில்லென்று இருக்குமாதலால், வெந்நீர் கலந்து தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் அடிக்கடி மின்சாரம் போய்விடும். ஹீட்டரே இல்லாமல் வளர்க்கக்கூடிய மீன்கள் உண்டா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: உண்டு, மலைவாசிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான் என்பது என் கருத்து. குளிரோடு மல்லுக்கட்டி வெப்ப மண்டல மீனைக் காப்பதைவிட, குளிரைத் தாங்கும் மீனைத் தேடுவதே மீனுக்கும் நமக்கும் நிம்மதி.

தங்கமீன் எந்தக் குளிரையும் தாங்கும். ஆனால் உருண்டை வயிறும் இரட்டை வாலும் உள்ள வகைகளைவிட, நீண்ட உடலுள்ள சாதாரண வகையே உறுதியானது. அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பது கொடுமை. நன்றாக வளர்ந்தால் ஒரு சாணுக்கு மேல் நீளும் மீன் அது. சிறிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தென்சீனத்தின் மலையோடைகளைச் சேர்ந்த ‘ஒயிட் கிளவுட்’ என்ற சிறு மீன். இரண்டு விரற்கடை நீளமே உள்ள அதன் உடலில் ஒரு வெளிர்க்கோடு ஓடும். துடுப்பின் ஓரம் சிவந்திருக்கும். எட்டுப் பத்தாகச் சேர்த்து விட்டால் நாள் முழுவதும் விளையாடிக்கொண்டிருக்கும். நம் நாட்டு ஜீப்ரா மீனும் ரோஸி பார்ப்பும் 18 டிகிரியில் சௌகரியமாக இருக்கும். அறை அதற்கும் கீழே வெகுவாக இறங்கும் வீடுகளுக்கு அவை வேண்டாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய ‘மிஸ் கேரளா’ குளிர்ந்த, ஓடும் நீரை விரும்பும் அழகான மீன். ஆனால் கூட்டமாக வாழும் அதற்கு நான்கடித் தொட்டியாவது வேண்டும். ஆற்றிலிருந்து அளவின்றிப் பிடித்ததும் அது அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டதற்கு ஒரு காரணம் என்பதால், பண்ணையில் பொரித்த குஞ்சுதானா என்று கேட்டு, நம்பகமான பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள்.

குளிர் கூடும் மாதங்களில் மீனின் செரிமானம் மந்தமாகும். நாளுக்கு இருவேளை போட்ட தீனியை ஒருவேளையாகவோ ஒன்றுவிட்டு ஒருநாளாகவோ குறைத்துவிடுங்கள்.

கேள்வி: அவலாஞ்சியில் பார்த்த ட்ரவுட் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?
– பள்ளி மாணவர், உதகை

பதில்: முடியாது. ட்ரவுட் வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த குளிர்நீரில் வாழும் பெரிய மீன்; தேங்கிய தொட்டி நீரில் நெடுநாள் தாங்காது. அவலாஞ்சியிலுள்ள குஞ்சு பொரிப்பகத்தில் பார்த்து மகிழுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலோ சென்னை கொளத்தூரிலோ மீன் வாங்கினால் வகையும் அதிகம், விலையும் குறைவு என்கிறார்கள். மலை ஏற்றி உயிரோடு கொண்டுவர முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: முடியும். ஆனால் மலைப்பாதையைத் தெரியாதவர் கட்டிய பை வழியிலேயே வெடித்துவிடக்கூடும். கீழே ஆக்சிஜன் நிரப்பி இறுகக் கட்டிய பை, மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உப்பும். சென்னையில் கட்டிய பையானால், கோத்தகிரி வந்து சேர்வதற்குள் உள்ளிருக்கும் வாயு ஏறத்தாழக் கால் பங்கு விரிந்திருக்கும். ‘மலைக்குப் போகிறது, பையைத் தளர்வாகக் கட்டுங்கள்’ என்று சொல்லிக் கட்டச் செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, மூடியுள்ள வாளியும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு உள்ள தடையையும் இது மதிக்கும். வாளியையோ பையையோ தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, இருட்டி குளிர் இறங்குமுன் வீடு வந்து சேருங்கள்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் கூடாது. கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனே நலமான மீன். துடுப்பை உடலோடு ஒட்டி மடித்துக்கொண்டு மூலையில் நிற்பது, உப்புத்தூள் தூவியதுபோல் உடலில் வெண்புள்ளி இருப்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அந்தத் தொட்டியிலுள்ள நலமான மீனைக்கூட வாங்க வேண்டாம். வந்த மீன்களைத் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளிக் கிருமி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் தன் சுற்றை முடித்துவிடும். குளிர்ந்த நீரில் அது பல வாரம் ஒளிந்திருக்கும். ஆகவே ஹீட்டர் இல்லாத தொட்டிக்கு ஒரு மாதத் தனிமை அவசியம்.

கேள்வி: பாசியைத் தின்னும் என்று வாங்கிய சக்கர் மீன் முக்கால் அடி வளர்ந்துவிட்டது. அருகிலுள்ள ஆற்றில் விட்டுவிடலாமா?
– வாசகி, கூடலூர்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் ஏற்கெனவே தமிழகம், கேரளம் இரண்டின் நீர்நிலைகளிலும் பெருகி, கரைகளைக் குடைந்து, நம் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது. உதகையின் குளிர் அதைக் கொன்றுவிடலாம். கூடலூரின் மிதமான வெப்பம் கொல்லாது. அங்கிருந்து பாண்டியாறு வழியே கேரளத்தின் சாலியாறு வரை அதற்குப் பாதை திறந்திருக்கிறது. வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். பல கடைகள் பெரிய மீனை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடித் தரலாம். அதுவரை மேலே வலை போட்ட சிமெண்டுத் தொட்டியில், மழைநீர் நிரம்பி வழிந்து மீன் ஓடைக்குப் போய்விடாதபடி கூரையின் கீழ் வைத்திருங்கள்.