பங்குப் பரிந்துரைக்கு 24,000 ரூபாய்: கோத்தகிரி நண்பருக்கு

கையில் 2 லட்சம் இருக்கிறது, ஆண்டுக்கு 24,000 கட்டினால் எந்தப் பங்கை வாங்குவது என்று டெலிகிராமில் சொல்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. அது உங்கள் 2 லட்சத்தில் 12 சதவீதம். அவ்வளவு லாபம் வந்தால்தான் கட்டிய கட்டணமே திரும்பும். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி வேறு. நாட்டின் 50 பெரிய கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில், இடைத்தரகர் இல்லாத டைரக்ட் பிளானில் போட்டால் ஆண்டுச் செலவு சில நூறு ரூபாய்தான்.

நான் குன்னூர். 2021-ல் இப்படி ஒருவரிடம் பணம் கட்டினேன். அவர் சொன்னது ஒரு சின்ன கம்பெனிப் பங்கு. குழுவில் எல்லோரும் ஒரே காலையில் வாங்க, விலை ஏறியது. எங்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் எங்கள் தலையில் விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லையைத் தொட்டு நின்றுவிடும். விற்கப் போட்டால் வாங்க ஆளில்லை. பச்சைத் தேயிலை விலை சரிந்தாலும் ஏதோ ஒரு விலைக்காவது இலை போகும். அங்கே அதுகூட இல்லை.

எல்லா ஆலோசகரும் ஏமாற்றுக்காரர் இல்லை. பரிந்துரை விற்பவர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பங்கு ஆய்வாளர் என்றால் பதிவு எண் ஐஎன்எச் என்று தொடங்கும். செபி தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவு இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது. உங்களுக்கு வந்த செய்தியில் ‘மாதம் 5 சதவீதம் உறுதி’ என்று இருக்கிறதே, விலக அது ஒன்றே போதும்.

மகளின் கல்லூரிப் பணம் என்கிறீர்கள். எப்போது தேவை? இரண்டு மூன்று ஆண்டுக்குள் என்றால் இன்டெக்ஸ் ஃபண்டும் வேண்டாம், போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டில் போடுங்கள்.