புராஜெக்ட் மேனேஜர் நேர்காணல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மென்பொருள் நிறுவனங்களில் புராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு, இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பவள் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

சோழிங்கநல்லூரில் டீம் லீடாக இருக்கிறேன். மேனேஜர் பதவிக்குப் போன இடங்களில் எல்லாம் "உங்கள் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வியிலேயே சறுக்குகிறேன். என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

ஜாவா, ஆங்குலர், ஏடபிள்யூஎஸ் என்று தொழில்நுட்பப் பெயர்களை ஒப்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டெவலப்பர் பதவி என்றால் அது சரி. இங்கே தெரிய வேண்டியது வேறு: யாருக்காகச் செய்தீர்கள், எத்தனை பேர், எத்தனை மாதம், விலை முன்கூட்டியே பேசி முடித்த ஒப்பந்தமா அல்லது மணிக்கணக்கில் பில் போடுவதா, எங்கே சிக்கியது, அப்போது நீங்கள் எடுத்த முடிவு என்ன. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். மீதியை அவர்களே தோண்டுவார்கள்.

எப்படித் தோண்டுவார்கள் என்பதற்கு ஒரு காட்சி. ஆன்லைனில் பணம் கட்டும் வசதியை இணைத்த புராஜெக்ட் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கித் தரப்பில் டெஸ்ட் சர்வர் கிடைக்கத் தாமதமானதால் ரிலீஸ் தள்ளிப்போனதாம். "தள்ளிப்போகும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்றேன். மூன்றாவது ஸ்பிரின்ட்டில், அதாவது சில வாரங்கள் கொண்ட மூன்றாவது வேலைச் சுற்றில் என்றார். "கிளையன்ட்டிடம் எப்போது சொன்னீர்கள்?" சற்று யோசித்துவிட்டு, ஐந்தாவதில் என்றார். "நடுவில் என்ன செய்தீர்கள்?" வங்கிக்கு மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். நேர்மையான பதில்தான். ஆனால் மெயில் அனுப்ப மேனேஜர் எதற்கு? வங்கியின் பதிலைப் போலவே பதில் தரும் போலி சர்வீஸ் ஒன்றை எழுதச் சொல்லி மற்ற வேலையை நகர்த்தினாரா, ரிலீஸை இரண்டாகப் பிரிக்கலாமா என்று கிளையன்ட்டிடம் பேசினாரா என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் புராஜெக்ட்டிலும் இப்படி ஒரு இடம் இருக்கும். அதற்கு மட்டும் தேதி வாரியாகக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் இல்லாமல் நேர்காணலுக்குப் போகலாமா?

போகலாம். பயோடேட்டாக்களைச் சலிக்கும்போது அது உதவும். அறைக்குள் வந்தபிறகு அதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை வாங்க, பட்டதாரி என்றால் புராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம் 36 மாதமும், 35 மணி நேர வகுப்பும் வேண்டும். இரண்டு வாரத்தில் நேர்காணலை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்.

பட்ஜெட் கணக்கு கேட்பார்களா? செலவைக் காட்டும் சிபிஐ, வேலையின் வேகத்தைக் காட்டும் எஸ்பிஐ என்ற அளவீடுகளைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

கேட்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. மொத்த பட்ஜெட் ஒரு கோடி, காலம் பத்து மாதம் என்று வையுங்கள். ஐந்தாவது மாத முடிவில் 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 40 லட்சத்துக்கான வேலை. செலவோ 48 லட்சம். முடிந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தால் 0.8, அது எஸ்பிஐ. முடிந்ததைச் செலவால் வகுத்தால் ஏறக்குறைய 0.83, அது சிபிஐ. இரண்டும் ஒன்றுக்குக் கீழே: வேலையும் பின்தங்கிவிட்டது, காசும் கூடுதலாகப் போகிறது. இதே வேகத்தில் போனால் ஒரு கோடியை 0.83-ஆல் வகுங்கள், சுமார் 1.2 கோடியில் வந்து நிற்கும்.

இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அடுத்து வரும் கேள்வி, "இதை யாரிடம், எப்போது சொல்வீர்கள்?" ஐந்தாவது மாதத்தில் 20 லட்சம் இடிக்கிறது என்று சொன்னால் பேசித் தீர்க்க வழி இருக்கிறது. ஒன்பதாவது மாதத்தில் சொன்னால் சண்டைதான்.

"வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் புராஜெக்ட் மேனேஜர் என்றே ஒருவர் கிடையாதே, நீங்கள் எதற்கு?" என்று ஒரு நிறுவனத்தில் மடக்கினார்கள்.

நல்ல கேள்வி, நானும் கேட்பதுண்டு. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் இருப்பவர்கள் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர், அந்த முறை சரியாக நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் மட்டுமே. அதை மறுத்து வாதாடாதீர்கள். ஒப்பந்தம், பில், வேறு குழுக்களிடமிருந்து வர வேண்டிய வேலை, ஆள் ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றி அந்த வழிகாட்டி அதிகம் பேசவில்லை. அங்கேதான் என் வேலை என்று சொல்லுங்கள். தினமும் நடக்கும் 15 நிமிடக் கூட்டத்தில் நான்தான் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பேன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அது டெவலப்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கூட்டம்.

புராஜெக்ட் தாமதமாகிறது, கிளையன்ட் நான்கு பேரைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்வீர்கள் என்று கேட்டால்?

ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். ஆறு பேருக்குள் 15 ஜோடிப் பேச்சு என்றால் பத்துப் பேருக்குள் 45. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்களின் நேரம்தான் போகும்.

ஆனால் புரூக்ஸ் பெயரைச் சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு சாய்ந்து உட்காராதீர்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. டெஸ்டிங் போலப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை மீதம் இருந்தால் ஆள் சேர்ப்பது பலன் தரும். அதற்கும் முன்னால் கிளையன்ட்டிடம், "அந்தத் தேதியில் எது இருந்தே ஆக வேண்டும், எது ஒரு மாதம் பொறுக்கும்?" என்று கேட்க வேண்டும். முடியாது என்று சொல்லாமல், ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை எடுத்து வைக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

அமேசானுக்கு முயற்சி செய்கிறேன். தனித் தயாரிப்பு வேண்டுமா?

வேண்டும். அவர்களுடைய 16 தலைமைப் பண்புகளும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. கேள்விகள் அவற்றைச் சுற்றித்தான் வரும். சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் நிஜச் சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். ஒரே கதையை எல்லாச் சுற்றிலும் சொல்லாதீர்கள். பேட்டி எடுப்பவர்கள் பிறகு ஒன்றாக உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிடுவார்கள்.

அக்கா, குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டிருந்தேன். எப்படி விளக்குவது?

இரண்டு வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்மா. "இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை குழந்தை வளர்ப்புக்காக விடுப்பு, இப்போது முழுநேர வேலைக்குத் தயார்." உடனே கடைசிப் புராஜெக்ட்டுக்குப் போய்விடுங்கள். அதற்குமேல் அவர்கள் துருவினால் அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கோவையில் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் புரியும், சரளமாகப் பேச வராது.

கிளையன்ட்டோடு பேச வேண்டிய வேலை என்பதால் இதைக் கவனிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது உச்சரிப்பை அல்ல, தெளிவை. தினமும் மாலை உங்கள் புராஜெக்ட்டின் நிலையை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள்: முடிந்தது, முடியாதது, தடை, யாரிடம் என்ன வேண்டும், அடுத்த தேதி. அதைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்து கேளுங்கள். இந்த ஐந்து வரி வாயில் உட்கார்ந்துவிட்டால் நேர்காணலின் பாதிக் கேள்விகளுக்கு அதுவே கைகொடுக்கும்.

நோட்டீஸ் காலம் 90 நாள். கடைசிச் சுற்று வரை மறைக்கலாமா?

வேண்டாம். ஹெச்ஆர் முதன்முதலில் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் முடியும் முன்பே விலகினால், மிச்ச நாட்களுக்காகப் பழைய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் புது நிறுவனம் கட்டுமா என்றும் அப்போதே கேளுங்கள். கட்டுகிறோம் என்றால் அது ஆஃபர் கடிதத்தில் எழுத்தில் வரட்டும், அதற்குப் பிறகு ராஜினாமா கொடுங்கள்.