மாசியில் தோட்டம் தொடங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாசிப் பனி விலகி வெயில் முகம் காட்டத் தொடங்கியதும் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றிய பயம்தான். அந்தப் பயம் பாதி தேவையில்லாதது. செடியைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால்தான் வெயில் எதிரியாகும்.

ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டேன். இப்போது விதைத்தால் கருகிவிடாதா? (வாசகி, மதுரை)

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றது மழையை நம்பி உழுதவர்களுக்கு. தினம் இரண்டு வாளித் தண்ணீர் கொடுக்க முடிந்த வீட்டுக்கு மாசியும் நல்ல பட்டம்தான். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட் விதைப் பொட்டலங்களை எடுத்து வைத்துவிடுங்கள். அவை குளிருக்கு உரியவை. வெண்டை, கொத்தவரை, காராமணி, பாகல், புடலை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவை வெயிலோடு வளரும் காய்கள். முதல் முறை என்றால் வெண்டையில் தொடங்குங்கள். விதையை இரவு ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது. ஏறக்குறைய 45 நாளில் முதல் காய் கிடைக்கும். மாசித் தொடக்கத்தில் ஊன்றினால் பங்குனி பாதி தாண்டியதும் பறிக்கலாம். காய்த்தபின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். முற்றவிட்டால் செடி காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

தக்காளி நிறையப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாவதில்லை. என்ன உரம் போடலாம்? (வாசகர், திருச்சி)

உரம் வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காம்போடு உதிரும். திருச்சியின் பங்குனி வெயிலில் இது உங்கள் தவறே அல்ல. இருக்கும் செடியைப் பிற்பகல் நிழல் கிடைக்கும் இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொட்டியைக் கொத்தவரைக்குக் கொடுத்துவிட்டு, ஆடியில் புது நாற்று நடுங்கள்.

மொட்டை மாடியில் பை வைத்து வளர்க்கிறேன். இரண்டு வேளை தண்ணீர் விட்டும் மதியம் செடிகள் துவண்டு போகின்றன. (வாசகி, தாம்பரம்)

ஒரு காரியம் செய்யுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய், பையின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றுகிறதா? அந்தச் சூட்டில்தான் வேர் நாள் முழுக்க இருக்கிறது. மாடித் தோட்டத்தில் இலையைவிட வேரைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

பைகளைத் தளத்தின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் ஒரு பை இன்னொன்றுக்கு நிழலாகும். மேற்கு ஓரத்துப் பைகளுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு என எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். பல வீடுகளில் இந்த மூடாக்கு ஒன்றே இரண்டாம் வேளைத் தண்ணீரை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மதியம் துவளும் செடி மாலையில் நிமிர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். வெயில் நேரத்தில் இலை தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுகவிட்டவர்கள் அதிகம். காலையிலும் துவண்டு கிடந்தால்தான் தாகம். சந்தேகம் வந்தால் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வாளியைக் கீழே வையுங்கள். ரப்பர் குழாயில் தேங்கிய தண்ணீர் வெயிலில் கொதித்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அதைத் தனி வாளியில் பிடித்து, ஆறியபின் பயன்படுத்துங்கள்.

நிழல்வலை கீரைக்கும் நாற்றுக்கும் மட்டும் போதும். வெண்டைக்கும் கொடிகளுக்கும் நேர் வெயில் வேண்டும்.

மண் கலவையில் தேங்காய் நார்க்கழிவு சேர்த்திருந்தால் இன்னொன்று. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். என் முதல் கோடையில் கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டேன். இருபது கத்தரி நாற்றுகளின் இலை ஓரம் பழுப்பாகி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தபின் கலப்பதே என் வழக்கம்.

பூசணிப் பிஞ்சு கோலிக்குண்டு அளவில் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. (வாசகர், கோவை)

மகரந்தம் சேரவில்லை. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். நீளமான வெறும் காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி ஒன்று ஏற்கெனவே இருக்கும். மாடியில் தேனீ வராவிட்டால் அந்த வேலை உங்களுடையது. காலை ஆறு, ஏழு மணிக்கு, அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் சரியான நேரம். பத்து மணிக்குப் போனால் பூ மூடியிருக்கும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. அவற்றுக்கு அந்திக்குப் போங்கள்.

வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகின்றன. (வாசகி, ஈரோடு)

மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸ் என்பதால் மருந்து கிடையாது. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியை இன்றே பிடுங்கிவிடுங்கள். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. மற்றச் செடிகளின் இலைகளைத் தட்டினால் சாம்பல் பறப்பதுபோலக் கிளம்பும். மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அடுத்த முறை, நோயைத் தாங்கக்கூடிய அர்கா அனாமிகா போன்ற ரகத்தை வாங்குங்கள்.

வீட்டில் காய்த்த சுரைக்காய் கசக்கிறது. வேகவைத்தால் சரியாகுமா? (வாசகர், புதுச்சேரி)

ஆகாது. தயவுசெய்து சாப்பிடாதீர்கள், சாறாகக் குடிக்கவே கூடாது. அந்தக் கசப்பு நச்சுப்பொருள். வாந்தி, வயிற்றுப்போக்கோடு உயிருக்கே ஆபத்தாகலாம். சமைப்பதற்கு முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் காயைக் குப்பையில் போடுங்கள், அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

சீக்கிரம் பலன் தருவது எது? பிள்ளைகள் பொறுமை இழக்கிறார்கள். (வாசகி, சேலம்)

சிறுகீரை. விதையை மணலோடு கலந்து தூவினால் நான்கு நாளில் முளைக்கும், 25 நாளில் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். பக்கத்துத் தொட்டியில் அரைக்கீரையையும் தூவுங்கள். அதைப் பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். கத்தரிக்கோலைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம்.