கிளிப் கழற்றிய பிறகு ரீடெய்னரை எப்போது நிறுத்தலாம்? எப்படிப் பராமரிப்பது?

கிளிப் கழற்றி நாலு மாதம் ஆகிறது, பல் அப்படியே நேராகத்தான் இருக்கிறது, இனி ரீடெய்னரை (நேராக்கிய பல் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்து வைக்கும் சாதனத்தை) விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். பகலில் போடுவதை எப்போது குறைக்கலாம் என்று டாக்டர் சொல்வார். முதல் சில மாதம் சாப்பிடும் நேரம் தவிர முழு நேரமும், பிறகு இரவில் மட்டும் என்பது பொதுவான வழக்கம். டாக்டருக்கு டாக்டர் இது கொஞ்சம் மாறும். ஆனால் இரவில் போடுவதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கும்வரை போட வேண்டியதுதான். முப்பது வயதைத் தாண்டி கிளிப் போட்டவள் நான். இன்றும் தூங்கப் போகும் முன் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

காரணம் இதுதான். பல் எலும்புக்குள் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார்கள் இருக்கின்றன. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, இன்னொரு பக்கம் புதிதாக வளர்கிறது. கிளிப்பைக் கழற்றிய அன்று இந்த வேலை பாதியில்தான் நிற்கிறது. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக 3 முதல் 4 மாதம் ஆகும். ஈறில் உள்ள கொலாஜன் நார்களுக்கு 4 முதல் 6 மாதம். ஈறின் மேற்பகுதியில் ரப்பர் போல இழுபடும் நார்கள் இருக்கின்றன. அவை பழைய இடத்தை மறக்க ஒரு வருடம்கூட ஆகலாம். பல் திருகிக்கொண்டு இருந்து நேராக்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

சரி, ஒரு வருடம் கழித்து விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறொரு விஷயம் வருகிறது. வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடிப்பது கிளிப்பே போடாதவர்களுக்கும் நடக்கிறது. ஞானப்பல் தள்ளுவதால்தான் இப்படி ஆகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது மட்டுமே காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ரீடெய்னருக்குப் பதிலாக ஞானப்பல்லைப் பிடுங்கினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

பல் நகர்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். ரீடெய்னரை மாட்டும்போது எப்படி உட்காருகிறது என்று கவனியுங்கள். சுலபமாக உட்கார்ந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. காய்ச்சலோ ஊர்ப் பயணமோ, ரெண்டு மூன்று நாள் விட்டுப் போட்டால் இறுக்கமாக இருக்கும், காலையில் பல் லேசாக வலிக்கும். அப்படியானால் அடுத்த சில நாட்கள் கூடுதல் நேரம் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். முழுதாக உட்காராமல் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் கடித்து அழுத்தாதீர்கள். ரீடெய்னர் உடையும், இல்லையென்றால் பல் வலிக்கும். டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

என் ரீடெய்னர், மேல்வரிசைப் பல்லுக்குக் கம்பி வைத்த அக்ரிலிக் பிளேட். போட்ட புதிதில் எச்சில் ஊறி, பேச்சு குழறி, ஆபீஸ் போனை எடுக்கவே கூச்சமாக இருந்தது. தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்ததில் நாக்கு பழகிவிட்டது. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் வகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் தேய்ந்து விரிசல் விடும். கீழே எனக்குக் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உட்புறமாக ஒட்டிய மெல்லிய கம்பி. மாட்டவும் வேண்டாம், மறக்கவும் வழியில்லை என்று நினைப்போம். அதற்கும் வேலை இருக்கிறது. உமிழ்நீர் சுரந்து வரும் துளை அந்தப் பற்களுக்குப் பின்னால்தான் இருப்பதால் பற்காரை சீக்கிரம் படியும். பல் இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் கட்டாயம் வேண்டும், டாக்டரிடம் கிளீனிங்கும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போனால் வலிக்காது, தெரியவும் தெரியாது, அந்தப் பல் மட்டும் நைசாக நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் அவ்வப்போது விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லிலும் கம்பி அசைகிறதா என்று பாருங்கள்.

கழற்றி மாட்டும் வகையைச் சுத்தம் செய்ய மெத்தென்ற பிரஷ், ஒரு சொட்டுத் திரவ சோப்பு, குளிர்ந்த தண்ணீர் போதும். பேஸ்ட் வேண்டாம். அதிலுள்ள நுண்துகள்கள் பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலில்தான் அழுக்கும் நாற்றமும் குடியேறும். வெந்நீர் கூடவே கூடாது. கிருமி சாகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கிருமியோடு வடிவமும் போய்விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டாலும் கதை அதேதான். வெள்ளையாகப் படிந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பல்செட் சுத்தம் செய்யும் மாத்திரையும் மெடிக்கலில் கிடைக்கும்.

போட்டுக்கொண்டு குடிக்கலாம் என்றால் தண்ணீர் மட்டும். காபியும் ஜூஸும் உள்ளே புகுந்தால் சர்க்கரை பல்லோடு பல்லாக அடைபட்டுக் கிடக்கும், சொத்தைக்கு அதைவிட வசதி வேண்டாம். மஞ்சள் போட்ட குழம்பு பட்டால் கறை வேறு.

அப்புறம், ரீடெய்னர்கள் பெரும்பாலும் தொலைவது சாப்பாட்டு நேரத்தில். என் சித்தி பையன் கல்யாணப் பந்தியில் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலை ஓரமாக வைத்தான். பாயசம் குடித்து முடித்து இலையை மடித்துவிட்டு எழுந்தான். கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடுவதற்குள் மேஜைப் பேப்பரோடு சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். வாயில் இல்லாத நேரம் டப்பாவில் இருக்க வேண்டும், சட்டைப் பையில்கூட வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவையும் உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசம் பிடித்துக் கடித்துக் குதறிவிடும்.

தொலைந்தால் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கிளிப் கழற்றும்போது எடுத்த பல் அச்சு அல்லது ஸ்கேன் கோப்பு அவர்களிடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு, கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பல் நகராத வரை அதை வைத்தே புதிது செய்துவிடலாம். வேலை மாற்றி வேறு ஊருக்குப் போனாலும் அங்குள்ள டாக்டருக்கு அது பயன்படும்.