பைரேட்ஸ் ஆட்ட நாளும் அந்தக் கால வீரர்களும்: கேள்வி பதில்

பிட்ஸ்பர்குக்கு நான் வேலைக்கு வந்தது 1976-ல். வந்த வருடமே அலுவலக நண்பர்கள் த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று பிடித்த பேஸ்பால் பித்து இன்னும் விடவில்லை. எங்கள் ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸைப் பற்றியும் அதன் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். மாலை ஆட்டம் இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும்.

கேள்வி (கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்): சார், நானும் இரண்டு மூன்று ஆட்டம் டிவியில் பார்த்துவிட்டேன். பந்து போடுகிறார்கள், பேட்டர் அடிக்கவில்லை, மறுபடி போடுகிறார்கள். இதில் எதை ரசிப்பது?

முதலில் டிவியை விட்டுவிட்டு மைதானத்துக்கு வாருங்கள். டிவியில் பந்து போடும் பிட்ச்சரின் முதுகும், பேட்டரும், அவர் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரும்தான் தெரிவார்கள். மீதி ஏழு பேர் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் இந்த ஆட்டம் பிடிபடாது.

பேட்டர் ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். முதல் பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை மட்டும் கவனியுங்கள். பந்து போடுவதற்கு முன்னால் கையுறையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். மறைவில், இரண்டாம் பேஸ் பக்கம் நிற்கும் செகண்ட் பேஸ்மேனைப் பார்த்து வாயைத் திறப்பார், அல்லது இறுக்கி மூடிக் காட்டுவார். திறந்த வாய் என்றால் "நீ போ", மூடிய வாய் என்றால் "நான் பார்த்துக்கொள்கிறேன்". அந்த ஆள், பந்து அடிபடாமலே இரண்டாம் பேஸைத் 'திருட' ஓடினால் கேட்சர் எறியும் பந்தை யார் ஓடிப்போய்ப் பிடிப்பது என்பது அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடும். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் இப்படி ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வெளியே நிற்கும் மூவரும் பேட்டரைப் பார்த்து இரண்டடி இடது, இரண்டடி வலது என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரு முழு இன்னிங்ஸ் பந்தையே பார்க்காமல் இவர்களை மட்டும் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று.

கேள்வி: அங்கிள், ஃபீல்டிங் ஃபீல்டிங் என்று எப்போதும் சொல்கிறீர்கள். அந்தக் காலத்தில் யார் பெரிய ஆள்?

பில் மசரோஸ்கி. சந்தேகமே இல்லை. நான் வருவதற்கு முன்பே, 1972-ல், ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் என்னோடு வேலை பார்த்த பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசாத மதிய சாப்பாடு கிடையாது. பிறகு பழைய படச்சுருள்களைப் பார்த்தபோது அவர்கள் கூட்டிச் சொல்லவில்லை என்று புரிந்தது.

டபுள் பிளே என்றால் ஒரே அடியில் இரண்டு பேரை அவுட்டாக்குவது. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி எறிவார். செகண்ட் பேஸ்மேன் பேஸை மிதித்தபடி பிடித்து, அப்படியே உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அதே நேரத்தில் ஓடி வருகிறவன் அவர் காலைக் குறிவைத்துச் சறுக்கிக்கொண்டு வருவான். மசரோஸ்கி வைத்திருந்தது சின்னக் கையுறை. பந்து அதில் தங்கியதாகவே தெரியாது, பட்டதும் திசை மாறிப் போய்விடும். 'கையே இல்லாதவர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது அதனால்தான். அவர் பங்குபெற்ற டபுள் பிளே 1,706. செகண்ட் பேஸ்மேன்களில் இன்றுவரை அதுதான் சாதனை.

ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஓர் அடிக்காக. 1960 அக்டோபர் 13, ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானம், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம். வேர்ல்டு சீரிஸ் என்றால் சீசனின் இறுதித் தொடர், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குத்தான் பட்டம். ஏழு ஆட்டங்களையும் கூட்டினால் யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் வெறும் 27. அப்படியிருந்தும் ஆளுக்கு மூன்று வெற்றி. கடைசி ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸில் 9-9 என்று நின்றது. ரால்ஃப் டெர்ரி போட்ட இரண்டாவது பந்தை மசரோஸ்கி இடது பக்கச் சுவருக்கு மேலே அடித்தார். அங்கே நின்றிருந்த யோகி பெர்ரா அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி அடி ஹோம் ரன்னால் முடித்தவர் அன்றும் இன்றும் அவர் ஒருவர்தான்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதற்கு முந்தைய இன்னிங்ஸில் மாற்று கேட்சர் ஹால் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்காமல் போயிருந்தால் மசரோஸ்கிக்கு அந்த வாய்ப்பே வந்திருக்காது. ஸ்மித்தை யாரும் சொல்வதில்லை. இனிமேல் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டார்கள். சுவரில் ஒரு பகுதி மட்டும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பக்கம் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 13-ம் தேதியும் ரசிகர்கள் அங்கே கூடி, அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை மறுபடி போட்டுக் கேட்பார்கள். நானும் போவேன். முடிவு தெரிந்த ஆட்டம்தான், ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரும்போது யாரும் பேசமாட்டார்கள்.

கேள்வி (ஓர் அம்மா): செப்டம்பரில் ஒரு நாள் ஆட்டக்காரர்கள் 21 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஏன் என்று என் பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நல்ல கேள்வி அம்மா. பையனை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

21 என்பது ராபர்டோ கிளமென்டேயின் எண். 1934-ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கரோலினா என்ற ஊரில் பிறந்தவர். பைரேட்ஸ் அணிக்கு 18 சீசன், வெளியே வலது பக்கமான ரைட் ஃபீல்டில் நின்றார். ரைட் ஃபீல்டு மூலையிலிருந்து அவர் எறிந்தால் பந்து நேராக மூன்றாம் பேஸில் போய் விழும். அவர் பக்கம் பந்து போனால் ஓடுகிறவர்கள் ஒரு பேஸோடு நின்றுவிடுவார்கள். நான்கு முறை லீகின் சிறந்த பேட்டர், ஃபீல்டிங்குக்கு 12 தங்கக் கையுறை விருது.

அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கொச்சையாக எழுத்துக் கூட்டி அச்சடித்தார்கள். பேஸ்பால் அட்டைகளில் 'பாப் கிளமென்டே' என்று போட்டார்கள். என் பெயர் ராபர்டோ என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். 1971-ல் பைரேட்ஸ் வேர்ல்டு சீரிஸை வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். டிவி மைக்கை நீட்டியதும், ஆங்கிலத்தில் பேசுமுன் ஸ்பானிஷில் தன் அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மேடையில் நின்று தமிழில் அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

1972 செப்டம்பர் 30-ம் தேதி தன் 3,000-மாவது ஹிட் அடித்தார். ஹிட் என்றால் அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸைப் பிடிப்பது. அந்த டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரத்தில் பெரிய பூகம்பம். இவர் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் அபகரிக்கப்படுகின்றன என்று செய்தி வந்தது. நானே கூடப் போனால் தொடமாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் கடலில் விழுந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அவருடைய நண்பர், அணியின் கேட்சர் மேனி சாங்கியென், நினைவுப் பிரார்த்தனைக்குக்கூடப் போகாமல் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர ஓய்வுக்குப் பின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இவருக்காக அதைத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள்.

பைரேட்ஸின் இப்போதைய மைதானமான பிஎன்சி பார்க்கில் ரைட் ஃபீல்டு சுவர் 21 அடி உயரம். பையனை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்தவர்களில் மனதுக்கு நெருக்கமானவர்?

வில்லி ஸ்டார்ஜெல். தன் முறைக்குக் காத்திருக்கும்போது மற்றவர்கள் பேட்டைச் சுழற்றுவார்கள், இவர் சம்மட்டியைச் சுழற்றுவார். பேட்டிங் செய்ய வந்து நின்றதும், பிட்ச்சர் தயாராகும்வரை பேட்டைக் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார். நான் முதல் தடவை பார்த்தபோது மேல் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பிட்ச்சர் மேல் பரிதாபம் வந்தது.

1979-ல் அவருக்கு 39 வயது. அணியில் யார் நன்றாக ஆடினாலும் தன் கையால் ஒரு தங்க நிற நட்சத்திரம் கொடுப்பார். பெரிய சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல அதைத் தொப்பியில் ஒட்டிக்கொள்வார்கள். அந்த வருட வேர்ல்டு சீரிஸில் பால்டிமோர் 3-1 என்று முன்னால் போய்விட்டது. ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் நம் மேனேஜர் சக் டானரின் தாயார் காலமானார். அவர் வந்து அணியோடு நின்றார். அதிலிருந்து மூன்று ஆட்டமும் நமக்குத்தான். ஏழாவதில் ஸ்டார்ஜெல் அடித்த ஹோம் ரன்தான் பைரேட்ஸை முன்னிலைக்குக் கொண்டுபோனது.

2001 ஏப்ரல் 9-ம் தேதி பிஎன்சி பார்க்கில் முதல் சீசன் ஆட்டம். அன்று அதிகாலையில் அவர் போய்விட்டார். வாசலில் அவர் சிலையைத் திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கேள்வி: ஜாஷ் கிப்சனை டை காபுக்கு மேலே வைத்துவிட்டார்களே, இது நியாயமா? நீக்ரோ லீக் சீசன்களில் ஆட்டங்கள் குறைவு இல்லையா?

நியாயம்தான். 2024-ல் நீக்ரோ லீக் கணக்குகளை, உயர்மட்ட லீகான மேஜர் லீக் பதிவுகளோடு சேர்த்தபோது கிப்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372 என்று வந்தது, அதுவரை முதலிடத்தில் இருந்த பழைய ஆட்டக்காரர் காப் .367. ஆட்டங்கள் குறைவு என்கிறீர்கள். ஏன் குறைவு? கறுப்பினத்தவரை மேஜர் லீகில் சேர்க்கவில்லை. அவர்கள் தங்களுக்குள் லீக் நடத்தி, மீதி நாளெல்லாம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பணத்துக்காக ஆடினார்கள். அந்த ஆட்டங்கள் கணக்கில் வராது. கதவைச் சாத்தியவர்களே, நீ உள்ளே எத்தனை நாள் இருந்தாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

கிப்சன் எங்கள் ஊர் ஆள். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்று இங்கே இருந்த இரண்டு பெரிய அணிகளுக்கும் ஆடியவர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அந்தக் கதவை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் கால் வைத்தது அந்த ஏப்ரலில். மூன்றே மாதம். அலெகேனி கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் பல வருடம் ஒரு கல்கூட இல்லை.

கேள்வி: ஸ்கோர்கார்டு எழுதுவீர்களாமே?

பென்சிலும் அட்டையும் இல்லாமல் நான் உட்காருவதில்லை. பிட்ச்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே இடமிருந்து வலம் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸ் வழியாக முதல் பேஸுக்குப் போன டபுள் பிளே 6-4-3. மூன்று ஸ்டிரைக்கில், அதாவது நல்ல பந்துகளை மூன்று முறை அடிக்கத் தவறி, அவுட் என்றால் 'கே'. பேட்டை அசைக்காமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். நான் சொன்ன அந்த 1960 ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் ஒரு 'கே' கூடக் கிடையாது. இரண்டு அணியிலும் ஒருவரும் அப்படி அவுட்டாகவில்லை. வேர்ல்டு சீரிஸில் அதைப்போல வேறு ஆட்டம் இல்லை.

வீட்டில் இருந்தால் வானொலிதான். 1921 ஆகஸ்ட் 5-ம் தேதி ஃபோர்ப்ஸ் ஃபீல்டிலிருந்து எங்கள் ஊர் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பியதுதான் மேஜர் லீகின் முதல் வானொலி வர்ணனை. அன்றும் பைரேட்ஸ் ஜெயித்தார்கள்.

கேள்வி: ஓர் இந்தியப் பையன்கூட பைரேட்ஸில் இருந்தானாமே?

இரண்டு பேர். ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். ஒரு டிவி போட்டியில் தேர்வாகி 2008-ல் பைரேட்ஸ் ஒப்பந்தம் கிடைத்தது. மேஜர் லீக்வரை வரவில்லை, கீழ் நிலை லீகுகளில் ஆடினார்கள். ரிங்கு பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

கேள்வி: பிட்ச் கிளாக் பிடித்திருக்கிறதா?

பிட்ச்சர் குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்து போட வேண்டும் என்று ஓடும் கடிகாரம் அது. பிடித்திருக்கிறது. 2023-ல் வந்தது. ஆட்ட நேரம் இருபத்தைந்து நிமிடம்போல் குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஆட்டம் இந்த வேகத்தில்தான் நடந்தது. இடையில் வந்த தாமதத்தைப் பாரம்பரியம் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: தாத்தா, தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை எப்படி இத்தனை வருடம் பார்த்தீர்கள்?

1992 அக்டோபர் 14, அட்லாண்டா. நாம் இன்னும் ஓர் அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸுக்குப் போயிருக்கலாம். எதிரணிக்காக இரண்டாம் பேஸில் நின்றவர் சிட் பிரீம். முன்பு நம் அணியில் ஆடியவர், முழங்காலில் பல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அடி விழுந்தது, பேரி பாண்ட்ஸ் எறிந்தார், பிரீம் சறுக்கி வந்து நூலிழையில் தப்பிவிட்டார், ஆட்டம் போய்விட்டது. அதற்கப்புறம் தொடர்ந்து 20 சீசன், ஒன்றில்கூட தோல்வியைவிட வெற்றி அதிகமாக இல்லை.

ஆனால் கண்ணா, தோற்கிற அணியிலும் தினமும் யாராவது ஒருவர் நல்ல ஆட்டம் ஆடுவார். 1959-ல் ஹார்வி ஹாடிக்ஸ் மில்வாக்கிக்கு எதிராக 12 இன்னிங்ஸ், வரிசையாக 36 பேரை ஒருவர்கூட பேஸைத் தொடவிடாமல் அவுட்டாக்கிவிட்டு, 13-வது இன்னிங்ஸில் 1-0 என்று தோற்றார். அந்தத் தோல்வியைப் பார்த்தவர்களை நான் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். நான் பார்த்தது 2013 அக்டோபர் 1. சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் ஆட்டத்துக்கு மைதானமே கறுப்புச் சட்டையில் நின்று, சின்சினாட்டி பிட்ச்சர் கெய்ட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்தியது. அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கேள்வி: முதல் தடவை குடும்பத்தோடு வருகிறோம் அண்ணா. எங்கே டிக்கெட் எடுப்பது?

மூன்றாம் பேஸ் பக்கம், மேல் தளம். விலையும் குறைவு, எல்லா ஆட்டக்காரர்களும் நகர்வது அங்கிருந்துதான் தெரியும், எதிரே ஆறும் நகரமும். காரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் டவுன்டவுனிலேயே விட்டுவிடுங்கள். ஆட்ட நாளில் கிளமென்டே பாலத்தில் வண்டி விடமாட்டார்கள், குழந்தைகளை நடத்தியே கூட்டிப்போகலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், ஆனால் பையின் அளவுக்கும் வகைக்கும் விதி இருக்கிறது, முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாக இருந்தால் புளியோதரை வாங்கிக்கொள்ளுங்கள், ஏழாவது இன்னிங்ஸுக்குச் சரியாக இருக்கும். ஸ்கோர்கார்டு உள்ளே கிடைக்கும். பென்சில் மட்டும் வீட்டிலிருந்து இரண்டாக எடுத்து வாருங்கள்.